வர்க்கமூலத்துக்குள் ஓர் எதிர்மறை எண்: ஸ்கேலர் புலத்தை மீட்டெடுக்கும் முயற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் 2024 ஜூலையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மே மாதம் முடிந்த முதுகலைத் திட்ட வேலையின் பதிவு இது. அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலை ஒரு புலமாக எடுத்துக்கொண்டு, அந்தப் புலத்தின் வடிவத்தை அளவீடுகளிலிருந்து வரைய முயன்ற வேலை. ஈடுபட்டவர்கள் மூன்று பேர்: திட்டத்தைச் செய்த மாணவி, அவருடைய வழிகாட்டியான பேராசிரியை, அதே ஆய்வறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மாணவர். துறையின் திட்ட மதிப்பீட்டுக் குழுவில் நான் இருந்ததால் இடைக்கால அறிக்கைகளையும் நிரலையும் பார்க்க வாய்த்தது. இதே வேலையில் இறங்கும் மாணவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தூண்டுதலாக இருந்தது டெசி. அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 5,000 ஒளியிழைகளைப் பொருத்தி விண்மீன் திரள்களின் நிறமாலையை எடுக்கும் திட்டம் அது. ஆரம்பகால அண்டத்தில் ஓடிய ஒலி அலைகள், விண்மீன் திரள்களின் பரவலில் ஒரு தடத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. அதன் நீளம் சுமார் 147 மெகாபார்செக், அதாவது ஏறக்குறைய 48 கோடி ஒளியாண்டு. இந்த அளவுகோல் வெவ்வேறு காலங்களில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்தால் அண்டம் எப்படி விரிந்தது என்று சொல்லலாம். முதல் ஆண்டுத் தரவின் முடிவுகள் 2024 ஏப்ரலில் வெளியாயின. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களும் குவேசார்களும் (தொலைதூரத் திரள்களின் மிகப் பிரகாசமான மையங்கள்) அதில் இருந்தன.

அந்த முடிவுகளில் எல்லோரும் பார்த்த எண்கள் இரண்டு. இருண்ட ஆற்றலின் அழுத்தத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் வருவது டபிள்யூ. இருண்ட ஆற்றல் காலத்தால் மாறாத ஒன்று, அதாவது அண்டவியல் மாறிலி, என்றால் அது எப்போதும் −1. டெசி குழு டபிள்யூவை அண்டத்தின் அளவோடு நேர்கோட்டில் மாறும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 2001-ல் செவாலியே, போலார்ஸ்கி இருவரும், 2003-ல் லிண்டரும் முன்வைத்த வடிவம் இது, சிபிஎல் என்பார்கள். இன்றைய மதிப்பு டபிள்யூ-0, மாறும் வேகம் டபிள்யூ-ஏ. டெசியோடு அண்ட நுண்ணலைப் பின்னணியையும் (ஆரம்பகால அண்டத்தின் எச்ச ஒளி) பாந்தியன் பிளஸ் சூப்பர்நோவா தொகுப்பையும் (தொலைவை அளக்க உதவும் விண்மீன் வெடிப்புகளின் பட்டியல்) சேர்த்தபோது டபிள்யூ-0 சுமார் −0.83, டபிள்யூ-ஏ சுமார் −0.75 என்று வந்தது. மாறிலியிலிருந்து விலகல் 2.5 சிக்மா, அதாவது பிழை அளவைப்போல் 2.5 மடங்கு. பாந்தியனுக்குப் பதில் யூனியன்3 என்றால் 3.5, டெஸ் (டார்க் எனர்ஜி சர்வே, டெசி அல்லாத வேறு திட்டம்) 5 ஆண்டுத் தொகுப்பு என்றால் 3.9.

மாறிலி இல்லையென்றால் வேறென்ன? பழைய பதில் ஸ்கேலர் புலம். 1988-லேயே ராத்ரா, பீபிள்ஸ் இருவரும் ஒருபுறமும், வெட்டரிச் இன்னொருபுறமும் இதை எழுதிவிட்டார்கள். குயின்டெசன்ஸ் என்ற பெயர் 1998-ல் வந்தது. வெளியெங்கும் ஒரே மதிப்போடு நிறைந்திருக்கும் ஒரு புலம் தன் நிலை ஆற்றல் சரிவில் மெதுவாக இறங்குகிறது. விரிவே அதற்கு உராய்வு. தேனுக்குள் உருளும் கோலிக்குண்டை நினைத்துக்கொண்டால் போதும். இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் டபிள்யூ கிடைக்கும். குண்டு நின்றால் −1. நகர்ந்தால் −1-க்கு மேல்.

திட்டத்தின் முதல் நோக்கம் இதைத் தலைகீழாகச் செய்வது. சரிவை ஊகித்து விரிவைக் கணக்கிடாமல், அளந்த விரிவிலிருந்தே சரிவின் வடிவத்தை வரைவது. வழி புதிதல்ல. 1998-ல் ஸ்டாரோபின்ஸ்கி சமன்பாடுகளைத் தந்தார். 2000-ல் புனேயின் ஐயூகா வானியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் அவரும் சேர்ந்து அப்போதைய சூப்பர்நோவா தரவில் இதைச் செய்து காட்டினார்கள். தரவு இப்போது பல மடங்கு கூர்மை. மறுபடி செய்து பார்க்கலாம் என்பது நியாயமான எண்ணம்தான்.

முதலில் வந்த வரைபடம்

செப்டம்பர் கூட்டத்தில் மாணவி காட்டிய வரைபடம் அழகாக இருந்தது. புலத்தின் மதிப்பு கிடை அச்சில், நிலை ஆற்றல் செங்குத்து அச்சில். கோடு இடதுபக்கம் மெல்ல ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, வலதுபக்கம் இறங்கியது. இப்படி மலையுச்சி வடிவ நிலை ஆற்றல்கள் இலக்கியத்தில் ஏற்கெனவே உண்டு. உச்சிக்குப் பக்கத்தில் நின்ற புலம் அண்மைக்காலத்தில் உருளத் தொடங்கினால், டபிள்யூ −1-லிருந்து சட்டென்று விலகும். டெசி காட்டுவதும் கிட்டத்தட்ட அதுதானே என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும்தான்.

மூத்த மாணவருக்கு மட்டும் ஓர் உறுத்தல். "மேடம், புலம் இடமிருந்து வலம் போகுதுன்னா முதல்ல மேல ஏறுது. யார் தள்ளிவிட்டா?" விரிவின் உராய்வு வலுவாக இருந்த காலத்தில் புலம் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். அங்கிருந்து யாரும் தள்ளாமல் அது மேட்டில் ஏறாது.

இரண்டாவது கேள்வி வரைபடத்திலேயே இருந்தது. இறங்கும் பக்கத்தில் ஓரிடத்தில் கோடு கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுந்தது. புள்ளிகளை நெருக்கிப் போட்டுப் பார்த்தால் இன்னும் செங்குத்தாயிற்று. தரவின் இரைச்சல் அப்படி நடந்துகொள்ளாது. அந்த இடம் செம்பெயர்ச்சி 0.3. (விரிவால் ஒளி எவ்வளவு நீண்டது என்பதே செம்பெயர்ச்சி; அது கூடக்கூடப் பழைய காலம்.)

பேராசிரியை சொன்ன சோதனை எளிமையானது. மீட்டெடுத்த நிலை ஆற்றலை எடுத்துக்கொண்டு, புலத்தின் இயக்கச் சமன்பாட்டை முன்னோக்கித் தீர்த்துப் பார். தொடங்கிய விரிவு வரலாறே திரும்பி வர வேண்டும். வரவில்லை. மேட்டில் விட்ட புலம் வந்த வழியே பின்னால் உருண்டது.

காரணம் தேடியது

நிரலில் ஒரே வரி. புலத்தின் வேகத்தைப் பெற, இயக்க ஆற்றலின் இருமடங்குக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அந்த வர்க்கமூலத்துக்குள் மட்டு மதிப்பு போடப்பட்டிருந்தது. அதாவது உள்ளே எதிர்மறை எண் வந்தாலும் குறியை நீக்கிவிட்டுக் கணக்கு ஓடும்.

அந்த வரி அங்கே வந்ததற்கு நேர்மையான காரணம் இருந்தது. நிரலை முதலில் அண்டவியல் மாறிலியில் சோதித்தார்கள். அதில் இயக்க ஆற்றல் சுழியம். கணினியின் முழுமைப்படுத்தல் பிழையில் அது 10-ன் அடுக்கு −16 அளவில் ஓர் எதிர்மறை எண்ணாக வந்து, வர்க்கமூலம் "எண் அல்ல" என்று திரும்பியது. ஓட்டம் நின்றுபோகாமலிருக்க மட்டு மதிப்பு. சோதனை முடிந்ததும் வரி அப்படியே தங்கிவிட்டது. எந்த ஆய்வறை நிரலைத் திறந்தாலும் இப்படி ஒன்றிரண்டு ஒட்டுகள் கிடைக்கும்.

"அதை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா" என்றார் பேராசிரியை. எடுத்ததும், செம்பெயர்ச்சி 0.3-க்கு அப்பால் மொத்த வரைபடமும் காணாமல் போயிற்று.

காகிதத்தில் போட்டாலே தெரியும் கணக்கு இது. டபிள்யூ-0 −0.827, டபிள்யூ-ஏ −0.75 என்ற நேர்கோட்டில், அண்டம் இன்றைய அளவில் 0.77 பங்கு இருந்தபோது டபிள்யூ −1-ஐத் தொடுகிறது. செம்பெயர்ச்சியில் சொன்னால் 0.3. அதற்கு முன்பு முழுக்க −1-க்குக் கீழே. சாதாரண ஸ்கேலர் புலத்தில் டபிள்யூ −1-க்குக் கீழே போக வேண்டுமானால் இயக்க ஆற்றல் எதிர்மறையாக வேண்டும். அதற்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட தனிப் புலம் −1 கோட்டைச் சீராகக் கடக்கவே முடியாது என்று 2005-ல் விக்மன் காட்டியிருக்கிறார். கோட்டைத் தொடலாம், தொட்டுத் திரும்பலாம், குறுக்கே போகமுடியாது.

ஆக, மலையின் ஏறுமுகம், உச்சி, செங்குத்து எல்லாமே மட்டு மதிப்பு வரைந்தவை. செம்பெயர்ச்சி 0.5 அருகே தெரிந்த உச்சிகூட, எதிர்மறை இயக்க ஆற்றல் கொண்ட ஒரு வரலாற்றைச் சாதாரணப் புலமாக வேடம்போட வைத்ததால் வந்தது. மட்டு மதிப்பு இல்லாமல் நம்பத்தக்கதாக எஞ்சியது செம்பெயர்ச்சி 0.3-க்கு இந்தப் பக்கத்துத் துண்டு மட்டும். டெசியின் முதல் ஆண்டுத் தரவில் ஒலி அலை அளவீடுகள் 0.30, 0.51, 0.71 என்று தொடங்கி 2.33 வரை போகின்றன. அந்தத் துண்டுக்குள் விழுவது மிஞ்சிப்போனால் முதல் புள்ளி.

எந்தப் பக்கம் திரும்புவது

அக்டோபரில் நடந்த விவாதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திட்டத்தின் போக்கு மாறியது அங்கேதான்.

மூத்த மாணவர் முதலில் சொன்னது, எதிர்மறை இயக்க ஆற்றலையே ஏற்றுக்கொள்வது. பேன்டம் புலம் என்று 2002 முதல் பேசப்படுவது. பேராசிரியை மறுத்தார். அப்படிப்பட்ட புலம் இருந்தால் வெற்றிடம் தானாகவே எதிர்மறை ஆற்றல் துகள்களையும் நேர்மறை ஆற்றல் துகள்களையும் ஜோடியாகக் கொட்டத் தொடங்கும். கேரல், ஹாஃப்மன், ட்ராடன் 2003-ல் இதை அலசியிருக்கிறார்கள். அந்தச் சிக்கலுக்கு முதுகலைத் திட்டத்தில் பதில் சொல்ல முடியாது, பதில் சொல்லாமல் கடந்து போகவும் கூடாது என்பது அவர் வாதம்.

இரண்டாவது யோசனை, புலத்தை ஈர்ப்பு விசையோடு நேரடியாகப் பிணைப்பது. அப்போது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு டபிள்யூ −1-ஐக் கடப்பதுபோலத் தெரியலாம்; உள்ளே எந்தப் பேன்டமும் தேவையில்லை. நல்ல வழி. ஆனால் சூரியக் குடும்பச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். காசினி விண்கலத்தின் ரேடியோ அளவீடு (2003) பொதுச் சார்பியலிலிருந்து விலகலை லட்சத்தில் ஓரிரு பங்குக்குள் அடக்கிவிட்டது. அதற்கு ஒரு மறைப்பு வழிமுறை கட்டுவதற்குள் ஆண்டு ஓடிவிடும். இரண்டு புலங்கள் வைக்கலாம் என்றும் பேச்சு வந்தது. அளபுருக்கள் (தரவோடு பொருத்தித் தேட வேண்டிய எண்கள்) கூடிக்கொண்டே போகும் என்று விட்டார்கள்.

மூன்றாவது, பேராசிரியை முன்வைத்தது. சிபிஎல் நேர்கோடு என்பது ஒரு சுருக்கெழுத்து. தொலைவுகளைச் சரியாகச் சொல்ல இரண்டு எண்களால் முடிந்த அளவு வளைந்து கொடுக்கும் கோடு. அது −1-ஐக் கடந்தால் இயற்கையும் கடக்கிறது என்று அர்த்தமா? முதலில் அதைச் சோதிப்போம். அப்புறம் தலைகீழ் வழியை விட்டுவிட்டு, சரிவைத் தேர்ந்து முன்னோக்கிக் கணக்கிடுவோம். இது முடிவாயிற்று. சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். திட்டத்தின் தலைப்பிலிருந்து "மீட்டெடுத்தல்" போனதில் மாணவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போலித் தரவில் கண்டது

−1-க்குக் கீழே ஒருபோதும் போகாத ஒரு புலத்தை வைத்து மாணவி தொலைவுகளைக் கணக்கிட்டார். டெசியின் பிழை அளவுகளை அவற்றில் ஏற்றிப் போலித் தரவு செய்தார். அதைச் சிபிஎல் கோட்டோடு பொருத்தினார். கிடைத்த கோடு கடந்த காலத்தில் −1-க்குக் கீழே இறங்கியது. புலம் அங்கே போகவே இல்லை, கோடு போயிற்று.

இதற்குக் காரணம் உண்டு. உறைந்து கிடந்து அண்மையில் நகரத் தொடங்கும் புலங்களில் டபிள்யூவின் பாதை நேர்கோடு அல்ல: நெடுங்காலம் −1-லேயே ஒட்டிக்கிடந்து, கடைசியில் வளைந்து மேலேறும். அந்தக் கடைசி வளைவில்தான் இருண்ட ஆற்றல் வலுவாக இருக்கிறது. தரவு பார்ப்பதும் அதையே. நேர்கோடு அந்த வளைவைப் பிடிக்கச் சாய்ந்ததும் பழைய காலத்தில் −1-ஐத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. இந்த வகைப் புலங்களுக்கு டபிள்யூ-ஏ ஏறக்குறைய −1.58 × (1 + டபிள்யூ-0) என்று லிண்டர் காட்டிய உறவு ஒன்று உண்டு. அதில் போட்டால், டபிள்யூ-0 எதுவானாலும் கோடு −1-ஐக் கடக்கும் இடம் செம்பெயர்ச்சி 1.7 அருகே வரும்.

இங்கேதான் நிதானம் வேண்டியிருந்தது. "அப்ப டெசி கண்டது முழுக்க மாயைதானா சார்?" என்று மாணவி மூத்தவரிடம் கேட்டது நினைவிருக்கிறது. இல்லை. போலித் தரவில் கடப்பு 1.7 அருகே, அப்போது மொத்த ஆற்றலில் இருண்ட ஆற்றல் பத்தில் ஒரு பங்குதான், அங்கே கோடு எப்படிப் போனாலும் தரவு கண்டுகொள்ளாது. உண்மைத் தரவிலோ கடப்பு 0.3 அருகே, இருண்ட ஆற்றல் பாதிக்குப் பாதி இருக்கும் காலத்தில். டபிள்யூ-0 −0.83 என்றால் அந்த உறவு தரும் டபிள்யூ-ஏ −0.27; டெசி தந்ததோ −0.75. சாதாரணப் புலம் அந்தச் சாய்வில் ஒரு பகுதியைத் தரும். முழுவதையும் தராது.

முன்னோக்கிய கணக்கு

மாணவி தேர்ந்தது அடுக்குக்குறிச் சரிவு. ஒரே ஓர் அளபுரு, லாம்டா: சரிவு எவ்வளவு செங்குத்து என்பது. லாம்டா சுழியம் என்றால் அண்டவியல் மாறிலியே திரும்பி வரும் என்பது இதில் பெரிய வசதி. புலத்தை ஆரம்பகாலத்தில் அசையாமல் நிறுத்தி, உராய்வு தளரத் தளர எப்படி உருள்கிறது என்று தீர்க்க வேண்டும். இன்றைய அடர்த்தி சரியாக வருமாறு தொடக்க மதிப்பைத் தேட வேண்டும். மாணவி முதலில் கையால் திருகிக்கொண்டிருந்ததை மூத்தவர் இருசமக்கூறிடல் முறைக்கு (இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடுவது) மாற்றிக்கொடுத்தார்.

மட்டு மதிப்பு அனுபவத்துக்குப் பிறகு, சரிபார்ப்பு இல்லாமல் எதையும் ஏற்பதில்லை என்று பேராசிரியை நிபந்தனை போட்டார். ஷெரரும் அஞ்சன் சென்னும் 2008-ல் தந்த தோராயச் சூத்திரம் கைகொடுத்தது. இருண்ட ஆற்றல் 70 சதவீதம், லாம்டா 1 என்றால் இன்றைய டபிள்யூ சுமார் −0.85 என்கிறது அது. நிரலும் அதையொட்டியே தந்தது.

மூன்று சூப்பர்நோவா தொகுப்புகளையும் தனித்தனியே வைத்துத்தான் ஓட்டினார்கள். மூன்றிலும் பொதுவான சூப்பர்நோவாக்கள் நிறைய இருப்பதால், ஒன்றாகச் சேர்த்தால் ஒரே வெடிப்பை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

முடிவு

லாம்டா தொகுப்பைப் பொறுத்து அரைக்கும் ஒன்றுக்கும் இடையே எங்கோ வந்தது. பாந்தியன் பிளஸோடு சேர்த்தால் சுழியத்தை ஒதுக்கிவிட முடியவில்லை. டெஸ் தொகுப்போடு சேர்த்தால் சுழியத்திலிருந்து தெளிவாக விலகியது. எல்லாத் தொகுப்பிலும் புலம் மாறிலியைவிடக் கொஞ்சம் நன்றாகப் பொருந்தியது. சிபிஎல் அளவுக்கு இல்லை. சிபிஎல்லுக்கு ஓர் அளபுரு கூடுதல் என்பதைக் கணக்கில் எடுத்தபிறகும் டெஸ் தொகுப்பில் சிபிஎல் முன்னால் நின்றது.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தபோதே, 2025 மார்ச்சில் டெசியின் இரண்டாம் தொகுப்பு வந்தது. 1.4 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களும் குவேசார்களும். சூப்பர்நோவாவே இல்லாமல் நுண்ணலைப் பின்னணியோடு மட்டும் 3.1 சிக்மா, மூன்று சூப்பர்நோவா தொகுப்புகளோடு முறையே 2.8, 3.8, 4.2. மாணவி எல்லாவற்றையும் புதிய தரவில் மறுபடி ஓட்டினார். கதை மாறவில்லை, பிழைப்பட்டைகள் சுருங்கின.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: −1 கோட்டைக் கடப்பது உண்மையா, இல்லையா? சாதாரணத் தனிப் புலம் தரவோடு மோதவில்லை, ஆனால் தரவு அதைவிடக் கூடுதலாக எதையோ கேட்பதுபோல இருக்கிறது, அந்தக் கூடுதல் எந்த சூப்பர்நோவா தொகுப்பு என்பதைப் பொறுத்து மாறுகிறது, அதனால் கடப்பு என்று ஆய்வேட்டில் எழுதவில்லை என்றார் மாணவி. தேர்வாளர் தலையசைத்துவிட்டு எண்முறைப் பகுதிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகும் மாற்ற வேண்டியவையும்

தொகுப்பைப் பொறுத்து மாறுகிறது என்ற அந்த ஒரு வாக்கியம் பின்னால் கனம் பெற்றது. டெஸ் தொகுப்புக்கும் பாந்தியனுக்கும் பொதுவான சூப்பர்நோவாக்களை ஒப்பிட்டால், அருகிலுள்ளவற்றுக்கும் தொலைவிலுள்ளவற்றுக்கும் இடையே இரு தொகுப்புகளும் சுமார் 0.04 ஒளிர்வெண் முரண்படுவதாக எஃப்ஸ்தாத்தியூ 2024-லேயே சுட்டியிருந்தார். 0.04 என்பது தொலைவில் ஏறக்குறைய 2 சதவீதம்; இந்த விவகாரத்தில் அது பெரிய தொகை. டெஸ் குழு அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிக்குத் தம் பகுப்பாய்வு மேம்பாடுகளும், இன்னொரு பகுதிக்கு இரு தொகுப்புகளின் தேர்வுமுறை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடும் காரணம் என்று விளக்கியது. பிறகு 2025 இறுதியில் அதே குழு தன் ஒளிர்வு அளவீட்டை மறுசீர் செய்து வெளியிட்டபோது, 4.2 சிக்மா 3.2 ஆகக் குறைந்தது.

இன்னொரு முறை செய்தால் முதல் மாற்றம் வரிசையில். போலித் தரவுச் சோதனை அக்டோபரில் நடந்தது. அது ஜூலையிலேயே நடந்திருக்க வேண்டும். தெரிந்த சரிவு ஒன்றிலிருந்து தரவு செய்து, அதே சரிவைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்த்திருந்தால் மலை தோன்றியே இருக்காது. மட்டு மதிப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு நிபந்தனை இருக்கிறது: இயக்க ஆற்றல் முழுமைப்படுத்தல் பிழைக்கும் கீழே எதிர்மறையானால் நிரல் நின்று, எந்தச் செம்பெயர்ச்சியில் என்று சொல்லும்.

மீட்டெடுப்பையே கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. அளந்த தொலைவை ஒருமுறை வகையிட்டால் விரிவு வீதம், இன்னொருமுறை வகையிட்டால்தான் டபிள்யூ. ஒவ்வொரு முறையும் இரைச்சல் பெருகும். ஏழு செம்பெயர்ச்சிகளில் இருக்கும் தரவிலிருந்து இரண்டாம் படிக்குப் போவது பேராசை. விரிவு வீதத்தோடு நின்று, அதற்கு மேல் புல மாதிரிகளை முன்னோக்கி ஓட்டி ஒப்பிட்டிருக்கலாம். பேராசிரியை இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நேரம் போதாது என்பது அவர் கட்சி, அதிலும் நியாயம் உண்டு.

பதிவுகளில் சூப்பர்நோவா தொகுப்பின் பெயர் மட்டுமே இருந்தது. எந்தப் பதிப்பு, எப்போது இறக்கியது என்று இல்லை. மறுசீர் செய்த டெஸ் தரவில் லாம்டாவை மறுபடி கணக்கிடும் வேலை அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரிடம் போயிருக்கிறது. அவர் முதலில் செய்ய வேண்டியிருந்தது, பழைய கோப்பு எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிப்பது.